மூடியைக் கழட்ட முடியாத பொருளை வாங்கலாமா?

#1 — ஸ்டெபிலைசர் (ரங்கூன்), இரவு 11:52

போன ஞாயித்துக்கிழமை என் மகன் கேட்டான்: "அப்பா, இந்தக் கப்போர்டுல இருக்கறதையெல்லாம் எடைக்குப் போட்டா என்ன?"

கப்போர்டுல என்ன இருக்குன்னு சொல்றேன், சிரிக்காதீங்க. மதர்போர்டு ரெண்டு. பிஸ்கட் டின் நிறைய ரேம். சைஸ் வாரியா ஸ்க்ரூ போட்ட மருந்து பாட்டில் நாலு. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒண்ணு. இன்னும் உயிரோட இருக்கற 2011 மாடல் திங்க்பேட் டி420.

அந்தத் திங்க்பேடை வச்சுத்தான் பேச்சு ஆரம்பிச்சது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சு போச்சு. 11 போடணும்னா டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்புச் சிப் வேணும், இன்டெல்லா இருந்தா எட்டாம் தலைமுறை பிராசஸர் வேணும். என்னுது ரெண்டாம் தலைமுறை. மெஷினுக்கு ஒரு நோவும் இல்லை. வயசாச்சு, வாசல்லயே நில்லுன்னுட்டாங்க. லினக்ஸ் மின்ட் போட்டேன், ஓடுது.

நான் முதல்ல தொட்ட கம்ப்யூட்டர் 486, 66 மெகாஹெர்ட்ஸ், 4 எம்பி ரேம். கப்பல்ல வேலை பார்த்த சித்தப்பா மகன் சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயர்ல வாங்கி, லுங்கியில சுத்திக் கொண்டாந்தார். அப்ப நம்ம வீட்டு வோல்டேஜ் தாளம் போடும். ஸ்டெபிலைசர் உள்ள ரிலே "டக்... டக்"குன்னு மாறும். நாலு தடவை சேர்ந்தாப்ல கேட்டா அம்மா அடுப்படியிலேருந்து குரல் குடுக்கும்: "கரண்ட் போகப் போகுது, நிறுத்துடா." என் பேர் காரணம் அதுதான்.

முப்பது வருஷமா நான் வாங்கின எல்லாத்தையும் திறந்து பார்த்திருக்கேன். மகனோட புது லேப்டாப்பைத் திறந்தேன் (கம்பெனி பேர் வேண்டாம்). ரேம் போர்டோட சேர்த்து ஈயம் வச்சிருக்கு. பேட்டரி பசை போட்டு ஒட்டியிருக்கு. ஒன்றரை வருஷத்துல பேட்டரி ஊதி டச்பேடையே மேல தூக்கிருச்சு.

என் கட்சி இதுதான்: மூடியைக் கழட்ட முடியாத பொருளுக்கு நான் முழுக் காசும் குடுத்திருந்தாலும் அது வாடகைக் குடித்தனம்தான். சொந்த வீடு இல்லை. என்ன சொல்றீங்க?

---

#2 — மீலாபி (ரங்கூன்), நள்ளிரவு 12:20

சயா, மரியாதையோட ஒரு கேள்வி. உங்க மூடி மொத்தம் எத்தனை பேருக்குத் திறந்துச்சு?

எங்கப்பா அனோரத்தா சாலையில வெத்தலைக் கடை. அவர் வாழ்க்கையில முதல் கம்ப்யூட்டரை 2014-ல தொட்டார். அது போன். அதுக்கு முன்னாடி சிம் கார்டுக்கே லட்சக்கணக்குல கியாட் கேட்டாங்க. 2013 ஏப்ரல்ல 1,500 கியாட்டுக்குக் குலுக்கல் போட்டுக் குடுத்தப்ப எங்க தெருவே சீட்டெழுதிக் குடுத்துச்சு, எங்களுக்கு விழலை. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல ஊரிடூங்கற போன் கம்பெனி வந்தது, செப்டம்பர்ல டெலினார் வந்தது, அதே 1,500-க்குக் கடையில தொங்கவிட்டு வித்தாங்க. ஒரே மழைக்காலம். வெத்தலைக் கடை, சைக்கா (சைக்கிள் ரிக்ஷா) ஓட்டுறவர், கோயில் குருக்கள், எல்லார் கையிலயும் கம்ப்யூட்டர்.

உங்க 486 காலத்துல சட்டம் எப்படின்னு நீங்களே சொல்லுங்க. 1996-ல வந்த கம்ப்யூட்டர் சட்டத்துல, குறிச்ச வகை மெஷினை அனுமதி இல்லாம வச்சிருந்தா 7-லேருந்து 15 வருஷம். ஸ்க்ரூ நாலுதான் சயா. ஆனா அந்த மெஷின் பக்கத்துல போகவே காசு வேணும், கப்பல்ல ஆள் வேணும், தைரியமும் வேணும். எங்களுக்கு அது எப்பவுமே மூடின பெட்டிதான்.

---

#3 — ஸ்டெபிலைசர், நள்ளிரவு 12:41

சட்டத்தை நான் எழுதலை தம்பி. அந்த மெஷினை வச்சிக்கிட்டு நான் எப்படித் தூங்கினேன்னு எனக்குத்தான் தெரியும். மோடம்னு ஒரு வார்த்தையை வாயால சொல்ல மாட்டோம்.

காசு விஷயம் ஒத்துக்கறேன். ஆனா ஒரு மெஷின் இருந்த வீட்டுக்குப் பத்துப் பேர் வருவாங்க. பத்துப் பேரும் உள்ள என்ன இருக்குன்னு பார்த்துட்டுத்தான் போவாங்க. உங்கப்பா போனை யார் திறந்து காட்டினா?

---

#4 — மோகல்தெரு (ரங்கூன்), அதிகாலை 5:10

இப்பத்தான் கரண்ட் வந்துச்சு. ரெண்டு பேரும் சட்டம், மூடின்னு பேசிட்டிருக்கீங்க. நான் கணக்குப்பிள்ளை, வாட்டை மட்டும் பேசறேன்.

கடையில பழைய பென்டியம் 4 ஒண்ணு கிடந்துச்சு, பிரெஸ்காட் வகை. அந்தப் பிராசஸர் மட்டுமே 100 வாட் தின்னும். 17 இஞ்ச் டப்பா மானிட்டரையும் சேர்த்தா 200 தாண்டும். நம்ம ஊர்ல இப்ப எல்லார் வீட்லயும் பேட்டரிதான் எஜமான். 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரின்னா மொத்தம் 1,280 வாட்-மணி. இன்வர்ட்டர் சேதாரம் போக, அந்த மெஷின் அஞ்சரை மணி நேரம் ஓடும், ஃபேன் லைட் எதுவும் போடாம. அதே பேட்டரியில போனை அம்பது தடவை சார்ஜ் பண்ணலாம். சயாவோட திங்க்பேட் 30 வாட்ல ஓடினா ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தாண்டி ஓடும்.

ஈய பேட்டரி வச்சிருக்கறவங்க இந்தக் கணக்குல பாதியை மட்டும் எடுத்துக்கங்க. அடி வரைக்கும் வத்தவிட்டா அது செத்துரும்.

ஆகவே பழசா புதுசா, திறக்குமா திறக்காதா எல்லாம் அப்புறம். எத்தனை வாட்னு கேட்டு வாங்குங்க. நான் அந்தப் பென்டியத்தை எடைக்குப் போட்டேன், ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை.

---

#5 — மோல்மின்டீ (மோல்மின்), காலை 7:02

எங்கம்மா தலகாணி அடியில நோக்கியா 1100 இருக்கு. 2003 மாடல். போன் பேச இல்லை, டார்ச்சுக்கு. வாட் கணக்குல அதை அடிச்சுக்க ஆளில்லை. மொஹிங்கா சாப்பிடப் போறேன், சண்டையை நிறுத்திடாதீங்க.

---

#6 — ஸ்டெபிலைசர், இரவு 8:33

மோகல்தெரு சொன்ன வாட் கணக்கு நியாயம், அதுக்கு மறுப்பு இல்லை. ஆனா எடைக்குப் போட்டதை இவ்வளவு பெருமையா சொல்றப்ப மனசு கேட்கலை. ஒரு கதை சொல்றேன்.

2008 மே 2, நர்கிஸ் அடிச்ச ராத்திரி. எங்க கூரைத் தகடு ரெண்டு பறந்துருச்சு, மழை நேரா மேசை மேல. விடிஞ்சு பார்த்தா கேபினெட் உள்ள தண்ணி, இலை, சுண்ணாம்புச் சேறு. கரண்ட் எப்படியும் வாரக்கணக்குல வரப்போறதில்லை. அதுவே நல்லதாப் போச்சு, அவசரப்பட்டு சுவிட்ச் போட வழியில்லை. மதர்போர்டைத் தனியா எடுத்து நல்ல தண்ணியில பல் பிரஷ் வச்சுக் கழுவினேன். பக்கத்து வீட்டம்மா "இவனுக்குப் புத்தி பேதலிச்சுருச்சு"ன்னு எங்கம்மாகிட்டயே வந்து சொல்லிச்சு. அப்புறம் ஸ்பிரிட் ஊத்தித் துடைச்சு, அஞ்சு நாள் நிழல்ல, ரெண்டு நாள் வெயில்ல. பட்டன் பேட்டரி புதுசு போட்டேன். கரண்ட் வந்த அன்னைக்கு சுவிட்ச் போட்டா ஒரே ஒரு "பீப்". அந்த பீப்புக்கு நான் அழுதேன், எனக்கு வெக்கமில்லை.

அது கழுவி பிழைச்சது. அதே போர்டு ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பப் படுத்துச்சு, இந்தத் தடவை தண்ணியால இல்லை. 2000-த்தை ஒட்டின சில வருஷங்கள்ல வந்த போர்டுகள்ல கெப்பாசிட்டர் நோய்னு ஒண்ணு இருந்துச்சு, உலகம் பூரா. கரண்டைத் தேக்கி வைக்கற அந்தக் குட்டி உருளைக்குள்ள இருக்கற திரவத்தோட கலவை சரியில்லை, கேஸ் உண்டாகி மண்டை ஊதும். தலையில சிலுவை மாதிரி கீறல் போட்டிருப்பாங்களே, அது தட்டையா இருக்கணும். குட்டி இட்லி மாதிரி உப்பியிருந்தா, ஓரத்துல பழுப்பா பொருக்குத் தட்டியிருந்தா, முடிஞ்சது. பிராசஸர் பக்கத்துல வரிசையா நிக்கற 6.3 வோல்ட் கெப்பாசிட்டர் காய்ங்கதான் முதல்ல போகும். ஏழு காய் மாத்தினேன். போர்டோட தரைப்பட்டை சூட்டையெல்லாம் இழுத்துக்கும், ஈயம் உருகவே உருகாது, பக்கத்துல புது ஈயம் கொஞ்சம் வச்சுத்தான் பழசை இளக வைக்கணும். பட்டை போட்ட பக்கம் மைனஸ். மாத்திப் போட்டா பட்டாசு.

அந்த மெஷின்ல என் மகன் பத்தாங்கிளாஸ் வரைக்கும் படிச்சான். இன்னைக்கு அவன்தான் எடைக்குப் போடச் சொல்றான்.

ஐரோப்பாக்காரன் இப்பத்தான் முழிச்சிருக்கான். 2027 பிப்ரவரி 18-லேருந்து அங்க விக்கற கையடக்கப் பொருள்ல பேட்டரியை வாங்கினவனே கழட்டி மாட்டற மாதிரி இருக்கணுமாம்.

---

#7 — மீலாபி, இரவு 9:15

அந்தச் சட்டத்துலயும் விலக்கு உண்டு சயா. அதுவும் ஐரோப்பாவுக்குப் போற போன் வேற, சீன எல்லை மூசே வழியா நம்ம கடைக்கு வர்ற போன் வேற. காத்திருக்க வேண்டாம்.

சொல்ல வேணாம்னு பார்த்தேன். என் தொழிலே போன் ரிப்பேர்தான்.

"மூடி கழட்ட முடியாது"ன்னு யார் சொன்னது? ஹாட் பிளேட்ல 80 டிகிரி, ரெண்டு மூணு நிமிஷம். பசை இளகும். சக்ஷன் கப் வச்சு ஒரு மயிரிழை தூக்கணும், அந்தச் சந்துல மெல்லிசா ஒரு அட்டையை விடணும். நான் எதை விடறேன் தெரியுமா? சிம் கார்டைக் கிள்ளி எடுத்தப்புறம் மிஞ்சற பெரிய பிளாஸ்டிக் அட்டை. லட்சக்கணக்குல வித்தாங்களே, அந்தக் காலத்து சிம்மோட அட்டை ஒண்ணு எங்க மாமா பத்திரமா வச்சிருந்தார், கேட்டு வாங்கிக்கிட்டேன். இப்ப வர்ற அட்டையை விட அது நல்ல கெட்டி. அவ்வளவு காசுக்கு அதுவாவது கெட்டியா இருந்துச்சே.

ஓரமா சுத்தி வரணும். பவர் பட்டன் பக்கம் ரிப்பன் கேபிள் இருக்கும், அங்க ஆழமா விட்டா போச்சு. உள்ள பேட்டரிக்கு இழுக்கற பட்டை இருக்கும், நேரா மேல இழுத்தா அறுந்துரும், படுக்க வச்சு இழுக்கணும். சார்ஜிங் சிப் போயிருந்தா மைக்ரோஸ்கோப் அடியில வச்சு மாத்தறேன். அரிசிமணியில பாதி கூட இருக்காது. உங்க ஏழு காய் எல்லாம் அதுக்கு முன்னாடி பூசணிக்காய்.

உங்களுக்குக் கழட்டத் தெரியலைன்னா அதைக் கழட்ட முடியாத பொருள்னு சொல்லாதீங்க.

---

#8 — மோல்மின்டீ, இரவு 9:21

பூசணிக்காய் 😀

---

#9 — ஸ்டெபிலைசர், இரவு 9:58

சரி, அந்த அடி வாங்கிக்கிட்டேன். 80 டிகிரி விஷயம் எனக்குத் தெரியாது, ஒரு நாள் உன் கடைக்கு வந்து பார்க்கறேன்.

இப்ப நீ ஒண்ணு சொல்லு. என் மெஷின் போர்டு செத்தா ஹார்ட் டிஸ்கைக் கழட்டி இன்னொரு மெஷின்ல மாட்டுவேன், பைல் எல்லாம் அப்படியே வரும். உன்கிட்ட வர்ற போன்ல போர்டு முழுசா செத்துப்போச்சு. உள்ள இருக்கற போட்டோவை எடுத்துக் குடுப்பியா?

---

#10 — மீலாபி, இரவு 10:04

முடியாது. இப்ப வர்ற ஆன்ட்ராய்ட்ல எல்லாம் பூட்டுப் போட்டுத்தான் எழுதுது. மெமரி சிப்பைத் தூக்கி வேற போர்டுல வச்சாலும் சாவி பழைய பிராசஸர்லயே போயிரும். அதே போர்டை எப்படியாவது ஒரு நிமிஷம் உயிர்ப்பிச்சாத்தான் உண்டு.

வாரத்துக்கு ஒருத்தராவது கவுண்டர்ல நின்னு அழறாங்க. அதை மறைக்க மாட்டேன். ஆனா திருடன் கையில போன் போனா அதே பூட்டுதான் காப்பாத்துது.

உங்க கல்யாண போட்டோ எங்க இருக்கு, அதைச் சொல்லுங்க முதல்ல.

---

#11 — ஸ்டெபிலைசர், இரவு 10:30

கேட்டிருக்க வேணாம் நீ.

சிடியில எழுதி வச்சேன், மூணு காப்பி. நம்ம மழைக்காலத்து ஈரத்துல மூணும் ஓரத்துலேருந்து பொடுகு மாதிரி உரிஞ்சு வந்துருச்சு. மச்சினன் வீட்டுச் சுவத்துல மாட்டியிருந்த ஒரே ஒரு பிரேம் போட்டோதான் மிச்சம்.

---

#12 — தட்டோன்அக்கா (தட்டோன்), காலை 6:15

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருவரும் மூடியையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். என் பாடு வேறு.

ஞாயிறு தமிழ் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளின் படங்கள், வாசிக்கும் ஒலிப்பதிவுகள் எல்லாம் ஒரு இணையக் கணக்கில் வைத்திருந்தேன். நடுவில் ஆறேழு மாதம் ரீசார்ஜ் செய்யாததால் என் பழைய நம்பர் செத்துப்போனது. அப்புறம் கணக்கைத் திறக்கப் போனால், "உங்கள் எண்ணுக்கு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம்" என்கிறது. அந்த எண் இப்போது யாரோ ஒருவரிடம் இருக்கிறது. எட்டு வருடப் படங்கள். போனும் நன்றாக இருக்கிறது, மூடியும் நன்றாக இருக்கிறது.

இரண்டாவது, எழுத்து. இது உங்கள் இருவருக்குமே நினைவில்லை. பர்மியத்துக்கு சோஜி எழுத்துரு வந்து எல்லாப் போனிலும் உட்கார்ந்துகொண்டது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களையும் அது எடுத்துக்கொண்டது. தான் படுக்க அடுத்த வீட்டுப் பாயை உருவிய கதை. தட்டோன் மோன் ஊர் அல்லவா, பக்கத்து வீட்டு மோன் டீச்சர் அனுப்பும் செய்தி என் போனில் தாறுமாறாகத் தெரியும். 2019 அக்டோபர் 1-ஆம் தேதிதான் நாடே அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது.

பர்மியரைச் சொல்வானேன், நாமும் அதைத்தான் செய்தோம். 1998-இல் கோயில் திருவிழாவுக்கு ஒரு தேவாரத் தொகுப்பு அடித்தேன், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் தந்த பாமினி எழுத்துருவில். பாமினி இல்லாத மெஷினில் திறந்தால் "தமிழ்" என்ற சொல் ஆங்கிலத்து ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். இருபது நாள் உட்கார்ந்து அடித்தது. ஒன்பது ஃப்ளாப்பிகள், ஓவல்டின் டப்பாவில் இருக்கின்றன. அச்சடித்த பிரதியில் ஒன்றுகூட இல்லை.

சயா, உங்கள் கப்போர்டில் ஃப்ளாப்பி டிரைவ் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்.

---

#13 — ஸ்டெபிலைசர், காலை 6:18

சயாமா, டப்பாவோட இன்னைக்கே பஸ் நிக்கற கார்கேட்டில போட்டு அனுப்புங்க. காந்தம், ஸ்பீக்கர் பக்கத்துல வைக்க வேண்டாம்னு டிரைவர்கிட்டச் சொல்லுங்க. சீட்டுக்கு அடியில வைக்கட்டும், டிக்கியில வேண்டாம்.

---

#14 — மோகல்தெரு, காலை 9:40

எடைக்குப் போடறதைப் பத்தி நான் எழுதினதை வாபஸ் வாங்கலை. ஃப்ளாப்பி டிரைவ் ரெண்டரை வாட்தான் தின்னும், அதனால விட்டுட்டேன்.

---

#15 — ஸ்டெபிலைசர், ஆறு நாள் கழித்து, அதிகாலை 2:05

டப்பா வந்து சேர்ந்தது. ஒன்பதுல மூணு டிஸ்க்ல பூஞ்சை. தகர ஷட்டரை விலக்கிப் பார்த்தா பழுப்புத் தட்டு மேல வெள்ளையா பொட்டுப் பொட்டா இருக்கு. அதை அப்படியே டிரைவ்ல விட்டா ஹெட்டும் நாசம், டிஸ்கும் நாசம். காது குடையற பஞ்சுக் குச்சியில ஸ்பிரிட் தொட்டு, நடு வட்டத்தை விரலால கொஞ்சம் கொஞ்சமா சுத்தி, ரெண்டு பக்கமும் துடைச்சேன். ஒரு டிஸ்குக்கு அரை மணி நேரம்.

டி420-ல சொருகி, டிடிரெஸ்க்யூன்னு ஒரு கருவி இருக்கு, அதை ஓட்டினேன். படிக்க முடிஞ்சதை முதல்ல எடுத்து வச்சுட்டு, முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தட்டும். நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போச்சு. லேப்டாப் பேட்டரி தாங்குச்சு.

அஞ்சு டிஸ்க் முழுசா வந்துச்சு. ஒண்ணு பாதி. மூணு செத்துப்போச்சு, மன்னிக்கணும் சயாமா.

ஆனா திறந்தா ஒரே ஜேகேபிஓ. இதுல எனக்கு வழி தெரியலை. பாமினி எங்கிட்ட இல்லை.

---

#16 — மீலாபி, அதிகாலை 2:11

தூங்கலையா சயா. பைலை எனக்கு அனுப்புங்க. பாமினியை யூனிகோடாக்க போன்லயே வழி இருக்கு.

---

#17 — மீலாபி, அதிகாலை 2:34

ஆச்சு. தேவாரம் நூத்திப் பதினாலு பக்கம். என் போன்ல, சயா, பசை போட்டு ஒட்டின போன்ல.

---

#18 — ஸ்டெபிலைசர், அதிகாலை 2:36

டிஸ்கை யார் படிச்சாங்கன்னும் எழுது.

---

#19 — தட்டோன்அக்கா, காலை 6:02

இரண்டு பேருக்கும் கும்பிடு. முதல் பதிகத்தை இப்போதுதான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒற்றுப் பிழை ஏழு இருக்கின்றன, அவை 1998-இலேயே நான் விட்டவை. பாதி டிஸ்கில் நின்றுபோன பதிகத்தை அம்மா மனப்பாடமாகச் சொல்ல, நான் போனில் அடித்துச் சேர்த்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். அட்டைப் பக்கத்தில் "வுாயவழெ" என்று ஏதோ இருக்கிறதே?

---

#20 — மீலாபி, காலை 8:47

நானும் யோசிச்சேன் சயாமா, ஏதோ சிவஸ்தலமோன்னு. அது நீங்க இங்கிலீஷ்ல அடிச்ச ஊர் பேர். தட்டோன். மாத்தற கருவிக்கு இங்கிலீஷ் எது, பாமினி எது தெரியாது, ரெண்டையும் சேர்த்துத் தமிழாக்கிருச்சு.

---

#21 — மோல்மின்டீ, காலை 8:50

வுாயவழெ அக்கா, அடுத்த கார்ல மோல்மினுக்கு ஒரு பிரிண்ட் அனுப்புங்க.